ஈரக் காலுறை

ஐந்தாம் நாளும் விமானம் இல்லை.
புந்தா அரேனாஸ் வீதிகளில் கயிறு கட்டிவிட்டார்கள்,
நடப்பவர் பிடித்துக்கொள்ள.
அதைப் பற்றிக்கொண்டுதான் நவுவெல்
ரொட்டி வாங்கி வந்தான்.
இரண்டைக் காற்று கொண்டுபோய்விட்டதாம்.
தாடியில் துணுக்கு இருந்தது,
நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

ஊர்ப் பெயருக்கு மணல்முனை என்று பொருள்.
நால்வரும் முனைவர்கள்.
முனைந்து முனைந்து
முனைக்கே வந்து சேர்ந்துவிட்டோம்.
இதற்கப்பால் நீரிணை,
அதற்கப்பால் பனி,
மார்ச் மாதத்துக்கு அப்பால்
யாருக்கும் சம்பளம் இல்லை.

விடுதிச் சமையலறையில் ஒரே ஒரு ஹீட்டர்.
அதன்மேல் எட்டுக் காலுறைகள்.

"என் லைக்கன் ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர் வளரும்.
என் ஒப்பந்தம் பதினோரு மாதம்"
என்றாள் ரோசென்டா.
"முன்னேற்றம் என்ன என்று கேட்டு
மூன்று மாதத்துக்கு ஒரு படிவம் வருகிறது.
அளவுகோலின் கோடே அதைவிடத் தடிமன்."
சட்டக் கல்லூரியில் இரண்டு வருடம் இருந்தவள்.
பிறகு ஒரு கல்லறைத் தோட்டத்தில்
பெயர் தெரியும்படி கற்களைச் சுரண்டும் வேலை.
சுரண்டியது லைக்கனைத்தான்.
ஒருநாள் சுரண்டாமல் குனிந்து பார்த்தாளாம்.
அன்றே சீட்டுக் கிழிந்தது.

யெர்கோ இந்த ஊர்க்காரன்.
மாமாவின் சவ ஊர்தியை நான்கு வருடம் ஓட்டினான்.
"பின்னால் யாரும் ஹாரன் அடிக்காத ஒரே வண்டி."
இப்போது பனியாற்றின் வயிற்றில் கருவி புதைத்து
அது முறியும் ஓசைக்குக் காத்திருக்கிறான்.
ஒரு பதிவைப் போட்டுக் காட்டினான்:
வெகுநேரம் ஒன்றுமே இல்லை,
பிறகு பக்கத்து அறையில் யாரோ
நாற்காலியை நகர்த்துவது போல.
"இதற்குத்தான் பட்டம் கொடுத்தார்கள்."
சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை,
மறுபடி போட்டான்.

நவுவெல், சிலோயே தீவில்
சால்மன் மீனுக்குப் பேன் எண்ணியவன்.
"அதற்குச் சம்பளம் இதைவிட அதிகம்.
இப்போது பென்குவின் எச்சத்தை நிறுக்கிறேன்.
வங்கியில் கடன் கேட்கப் போனேன்.
தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று
அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.
நானும் அவளைப் பார்த்தேன்."

தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டவர்கள் உண்டு.
நாங்கள் சுற்றிய சுற்றில்
மூக்கையே காணோம்.

என் முறை வந்தது.
கெட்டிலை வைக்க எழுந்தேன்.

குளிரில் சோம்பாத ஒரு நொதி,
பனிக்கடியில் வாழும் பாக்டீரியாவினுடையது.
ஆறு வருடமாகப் பழக்கம்.
சந்தியாகோவில் ஒரு சோப்புக் கம்பெனிக்கு
அதைப் பிடித்திருக்கிறது,
என்னையும் சேர்த்து.
வெந்நீர் இல்லாமலே கறை போகும்.
நிரந்தர வேலை. பல்லுக்கும் காப்பீடு.
வெள்ளிக்குள் பதில் சொல்லவேண்டும்.
இன்று வியாழன்.

முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொன்னேன்.
கெட்டில் கொதிக்கும்வரை ஒருவரும் பேசவில்லை.
ரோசென்டா மட்டும்
"பல்லுக்குமா?" என்றாள்,
கேலி இல்லாமல்.
நவுவெல் ஹீட்டரிலிருந்து ஒன்றை உருவி
என்மேல் எறிந்தான்:
"முதலில் இதில் நிரூபி."
அது மேசைக்கடியில் விழுந்து
அங்கேயே கிடந்தது.

மூன்றரை மணிக்குத் தொலைபேசி.
காற்று இறங்கிவிட்டது, இருபது நிமிடத்தில் வண்டி.
இருட்டில் கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு ஓடினோம்.

சரக்கு விமானத்தின் இரைச்சலில் பேச முடியாது.
எதிரில் யெர்கோ கண்ணை மூடியிருந்தான்,
தூங்குகிறானா கேட்கிறானா தெரியவில்லை.
ஜன்னலுக்குக் கீழே கடைசிக் கூரையும் போனபோது
வெள்ளிக்கிழமை விடிந்திருந்தது.
தொலைபேசியில் ஒரு கோடுகூட இல்லை.
பூட்ஸைத் தளர்த்திப் பார்த்தேன்.
இடது காலில் என்னுடையது.
வலது காலில் அவனுடையது,
இரண்டு அளவு பெரியது,
இன்னும் ஈரம்.